வரியைப் பாதியாக்குகிறேன் என்று வரும் தம்பியிடம் என்ன கேட்பது?

வாசகி கேள்வி:

கடலூர் புதுப்பாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். வயது 61. கணவர் காலமாகி ஏழு வருடம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். 2022-க்கு முன்னால் அரையாண்டுக்கு 1,140 ரூபாய் வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது 1,860 ரூபாய். பழைய ரசீது, புது ரசீது இரண்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை ஒருவன், அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கப்போகிறேன் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறான். “சொத்து வரியைப் பாதியாகக் குறைப்பேன். வீண் செலவை ஒழிப்பேன். ஒப்பந்தத் துப்புரவு ஆட்களைக் குறைத்து, அந்தப் பணத்தில் எல்லாத் தெருவுக்கும் சிமென்ட் ரோடு போடுவேன். இனி நம் வார்டில் வெள்ளம் நிற்காது” என்று அதில் அச்சடித்திருக்கிறது. சின்ன வயதில் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். நல்ல பையன். ஆனால் இதெல்லாம் ஒரு கவுன்சிலரால் முடியுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு சங்கக் கூட்டத்துக்கு வருகிறான். அவன் மனம் நோகாமல் என்ன கேட்பது?

பதில் (உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

அம்மா, வணக்கம்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியைப் பாதியாக்க ஒரு கவுன்சிலரால் முடியாது. கடலூர் மாநகராட்சிக்கு 45 வார்டு. அந்தத் தம்பி ஜெயித்தால் 45 பேரில் ஒருவர். மேயரே நினைத்தாலும் முடியாது. ஆனால் இதைக் காரணமாக வைத்து அவரை ஒதுக்கிவிடாதீர்கள். கவுன்சிலரால் செய்ய முடிந்த சில வேலைகள் இருக்கின்றன. அவை அந்த நோட்டீஸில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் அங்கிருந்து தொடங்கட்டும்.

உங்கள் ரசீதுகளைப் பார்த்தேன். பழைய 1,140 ரூபாயில் 840 ரூபாய் குடியிருப்புக்கு, 300 ரூபாய் முன் அறைக்கு. அந்த அறையைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்ததாகவும், கொரோனா சமயத்தில் கடை மூடி, இப்போது பேரப்பிள்ளைகள் படிக்கும் அறையாக இருப்பதாகவும் தனித் தாளில் எழுதியிருக்கிறீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சீரமைப்பில், சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் ஏற்றினார்கள். கடைகளுக்கு நேராக 100 சதவீதம். உங்கள் குடியிருப்புப் பகுதி 820 சதுர அடி. ஆக 840 ரூபாய் 1,260 ஆனது. கடை 300 ரூபாய் 600 ஆனது. கூட்டினால் 1,860. கணக்கில் பிழை இல்லை. ஆனால் இல்லாத கடைக்கு நீங்கள் இன்னும் வரி கட்டுகிறீர்கள். இதைச் சரிசெய்ய எந்தத் தேர்தலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; கடைசியில் சொல்கிறேன்.

எல்லாரும் கேட்பது, ஏன் ஒரேயடியாக இவ்வளவு ஏறியது என்பது. கடலூர் மாநகராட்சி ஆனதால்தான் ஏறியது என்று ஊரில் பேச்சு இருக்கிறது. 2021-ல் மாநகராட்சி ஆனோம், 2022-ல் வரி ஏறியது; அதனால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் நகராட்சியாகவே இருந்திருந்தாலும் இதே 25, 50, 75, 100தான். காரணம் வேறு. சென்னையை விட்டுவிட்டால், தமிழக நகரங்களில் அதற்கு முன் பொதுச் சீரமைப்பு நடந்தது 2008-ல். இடையில் 14 வருடம். 2018 ஜூலையில் ஒருமுறை ஏற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். அதற்குள், மத்திய அரசின் பணத்தை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்துவிட்டது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை மாநில அரசு அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும்; இல்லையென்றால் நகரங்களுக்கான மத்திய மானியம் வராது. 14 வருடம் தொடாமல் விட்ட வரியை, மானியம் போய்விடுமே என்ற அவசரத்தில் ஒரே நாளில் ஏற்றினார்கள். அரையாண்டு வரி வருடத்துக்கு 50 ரூபாய் வாக்கில் ஏறியிருந்தால் உங்கள் ஓய்வூதியம் அதைத் தாங்கியிருக்கும். ஏற்றாமல் இருந்ததைச் சாதனை என்று சொன்னவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அதன் வலி 2022-ல் உங்களைப் போன்றவர்கள் தலையில் இறங்கியது.

இதில் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம். 2018-ல் ஏற்றியதும் 2019-ல் நிறுத்தியதும், உங்கள் வார்டில் நீங்கள் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாத காலத்தில் நடந்தவை. பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு இன்னொரு தேர்தலை அந்த ஊர் பார்க்கவில்லை. அங்கே ஒரு பெண்மணி உங்களைப் போல எனக்கு எழுதினால், ஞாயிற்றுக்கிழமை யாரிடம் கேட்கச் சொல்வேன்? அதனால்தான் உங்கள் தெருவுக்கு ஒருவர் நோட்டீஸோடு வருவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வரி விகிதத்தில், கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்துக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. அரசு வகுத்த வரம்புக்குள் மாமன்றம் தீர்மானம் போட வேண்டும். 2022-லும் மாமன்றங்களில் தீர்மானம் வைத்தார்கள், பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்டார்கள். உங்கள் தெருவில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பிறகு, வருடத்துக்கு 6 சதவீத உயர்வு என்று 2024-ல் பல மாநகராட்சிகளில் தீர்மானம் வந்தபோது மாமன்றங்களில் வாக்குவாதம் நடந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எழுந்து பேசுவது, எதிர்ப்பைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைப்பது, அரசுக்குக் கோரிக்கை அனுப்பச் சொல்வது, இவைதான் கவுன்சிலரின் கையில் இருப்பவை. “பாதியாகக் குறைப்பேன்” என்பதற்குப் பதிலாக “உயர்வுத் தீர்மானம் வந்தால் உங்களிடம் முதலில் சொல்வேன், உங்கள் ஆட்சேபணையை மன்றத்தில் வைப்பேன்” என்று அந்தத் தம்பி அச்சடித்திருந்தால், அது நிறைவேற்றக்கூடிய வாக்கு.

சரி, எப்படியோ பாதியானது என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? நீங்கள் கட்டும் பணம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. பொது உபயோகத்துக்கு ஒரு பங்கு, குடிநீர் வடிகாலுக்கு ஒரு பங்கு, கல்விக்கு ஒரு பங்கு என்று தனித்தனிக் கணக்குக்குப் போகிறது. அதோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி, 1948-ம் வருடத்து பொது நூலகச் சட்டப்படி நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. உங்கள் பேரப்பிள்ளைகள் நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தில் உங்கள் வீட்டு வரியும் இருக்கிறது.

மாநகராட்சிக்குச் சொந்தமாக வரும் பணம் என்பது சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை, பேருந்து நிலையக் குத்தகை. மீதி மாநில அரசு பகிர்ந்து தருவது, மத்திய மானியம், திட்ட நிதி. திட்ட நிதி எந்த வேலைக்கு வந்ததோ அந்த வேலைக்குத்தான் போகும். தெருவிளக்கு மின் கட்டணத்துக்கோ, மோட்டார் பழுது பார்க்கவோ அதைத் தொட முடியாது. தினப்படி ஊர் ஓடுவது சொந்த வருமானத்தில். அதில் முதுகெலும்பு சொத்து வரி. செலவுப் பக்கம் போனால் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றவும் மின் கட்டணம், பழைய கடன்களின் தவணை, இவற்றை யார் வந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். வரவு பாதியானால் வெட்ட மிஞ்சுவது குப்பை அள்ளுவது, வாய்க்கால் தூர்வாருவது, குழாய் உடைந்தால் சரிசெய்வது. ஏழைத் தெருக்கள்தான் அதை முதலில் உணரும். வசதியுள்ளவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கும், இன்வெர்ட்டர் இருக்கும்.

ஒப்பந்தத் துப்புரவு ஆட்களைக் குறைப்பேன் என்ற வரியைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது. செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிற பலரும் முதலில் கை வைப்பது அவர்கள் மேல்தான். அவர்களுக்கு மாமன்றத்தில் பேச ஆள் இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ சம்பளப் பட்டியல்களைச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு ஊரில், பட்டியலில் இருந்த ஆட்களின் எண்ணிக்கைக்கும் காலையில் வருகைப் பதிவுக்கு வந்து நின்றவர்களின் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதியை ஒப்பந்ததாரர் கட்டவும் இல்லை. வீண் செலவு அங்கே இருந்தது: வராத ஆட்களின் பெயரில் எடுத்த பணத்தில். வந்து நின்ற பெண்களிடம் இல்லை. 2015 மழையில் கடலூர் மூழ்கிக் கிடந்தபோது வெளியூர்களிலிருந்தெல்லாம் துப்புரவுப் பணியாளர்கள் வந்து நம் தெருக்களில் சேற்றை வழித்து எடுத்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தத் தம்பிக்கு அப்போது என்ன வயதோ. அதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். “ஆளைக் குறைப்பேன் என்று போட்டிருக்கிறாயே, பட்டியலில் எத்தனை பேர், தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா?” என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவே பெரிய வேலை.

வீண் செலவு இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மைதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஒரே தெருவை மூன்று முறை தோண்டிவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, இரண்டும் முடிந்து தார் போட்ட பிறகு வீட்டு இணைப்புக்கு ஒருமுறை. மூன்று வேலைக்கும் தனித்தனி மதிப்பீடு, தனித்தனி பில். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் காகிதம் சரியாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்த்தால்தான் தெரியும், முதல் தார் ரோட்டுக்குச் செலவழித்தது அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது என்று. தணிக்கையாளன் ஊருக்கு வருவது வேலை முடிந்து வெகு காலம் கழித்து. எங்களுக்குக் கிடைப்பது காகிதம். தெருவில் குடியிருப்பவருக்கு அது கண்ணெதிரே நடக்கிறது. அந்தக் கண்ணை மன்றத்துக்குள் கொண்டுபோகத்தான் கவுன்சிலர் வேண்டும்.

இன்னொன்று, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது அடுக்கு போடுவது. ஒவ்வொரு முறையும் ரோடு கொஞ்சம் ஏறும், வீடு பள்ளத்தில் இறங்கும், மழைத் தண்ணீர் வாசல்படி ஏறும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவே போட்டார். நோட்டீஸில் இருக்கும் சிமென்ட் ரோட்டையும் வெள்ளத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சிமென்ட் ரோட்டைப் பழைய ரோட்டின் மேலேயே ஊற்றினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்; தண்ணீர் பூமிக்குள் இறங்கவும் வழி இருக்காது. ஒரே நோட்டீஸில் ஒரு வாக்குறுதி இன்னொன்றைக் கெடுக்கிறது. வெள்ளத்தைப் பற்றி வேறு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அணையும் ஆற்றங்கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தெரு வாய்க்கால் மாநகராட்சியின் பொறுப்பு. மழைக்கு முன் வார்டில் எந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது, கடைசியில் திறப்பு இருக்கிறதா என்று நடந்து பார்த்திருக்கிறாரா? அந்த ஒரு கேள்வி போதும்.

மதிப்பீடுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன், அந்தத் தம்பிக்கும் பயன்படும். ஒரே வாய்க்காலை மூன்று துண்டாக்கி, “இந்த வீட்டிலிருந்து அந்த வீடு வரை” என்று மூன்று சிறு வேலையாகக் காட்டுவது பழைய வழக்கம். தொகை சின்னதாக இருந்தால் பெரிய டெண்டருக்குப் போக வேண்டியதில்லை, மேலிடத்து ஒப்புதலும் வேண்டியதில்லை. மன்றக் கூட்டத்துக்கு முன் கவுன்சிலருக்கு அஜெண்டா வரும். அதில் ஒரே தெருப் பெயர் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்பது இருக்கட்டும், பலரும் அதைப் படிப்பதே இல்லை. கைதூக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். படிப்பாரா என்று கேளுங்கள். படித்து, நம் வார்டு வேலைகளின் பட்டியலைத் தெருமுனையில் எழுதி ஒட்டுவாரா என்று கேளுங்கள். வேலையின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய தேதி. நான்கு விவரம் போதும்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். வரியைக் குறைப்பதா ஏற்றுவதா என்றே எல்லாரும் பேசுகிறார்கள். கட்ட வேண்டியவர்கள் கட்டுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. மாநகராட்சியில் “கேட்பு, வசூல், நிலுவை” என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த வருடம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது. உங்களைப் போன்றவர்கள் நிலுவை வைப்பதில்லை. அரையாண்டு தொடங்கியதும் வரிசையில் நின்று கட்டிவிடுகிறீர்கள். பெரிய தொகை நிற்பது பெரிய கட்டடங்களில். வழக்கு என்பார்கள், தவணை என்பார்கள், வருடம் ஓடும்.

நிலுவையாவது பட்டியலில் தெரியும். பட்டியலுக்கே வராதது இன்னொன்று. நான் தணிக்கைக்குப் போன ஒரு நகராட்சியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடித் திருமண மண்டபம். வாசலில் கார்கள் நிற்க இடமில்லாத அளவு முகூர்த்தக் கூட்டம். வரிவிதிப்புப் பதிவேட்டில் அந்த எண்ணில் இருந்தது ஓட்டு வீடு. அரையாண்டு வரி அப்போது நூற்றுச் சொச்சம் ரூபாய். அதே தெருவில் ஒரு விதவைத் தாய், மேலே தகரக் கொட்டகை போட்டதற்கு மறு அளவீடு செய்து வரி கூட்டியிருந்தார்கள். இரண்டு பதிவும் ஒரே பக்கத்தில் இருந்தன. தணிக்கைத் தடை, அதாவது இது தவறு என்ற ஆட்சேபக் குறிப்பு, எழுதினேன். அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. வரி கூடுதல் என்பதால் மக்கள் கோபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் கட்டாததை நான் கட்டுகிறேன் என்ற கோபம் அதைவிடப் பெரிது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆகவே தம்பியிடம் கேளுங்கள்: “நம் வார்டில் மேல்மாடி எழுப்பி வரி மாற்றாத கட்டடம் எத்தனை? வீடு என்று பதிந்து கடை நடத்தும் இடம் எத்தனை? அதைக் கேட்கத் தைரியம் உண்டா?” இது அவருக்குச் சுலபமான கேள்வி அல்ல. தேர்தலுக்குப் பணம் கொடுப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர் கொஞ்சம் தயங்கினால் அது இயல்பு. சிரித்து மழுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

ஜெயித்தால் எந்த நிலைக்குழுவுக்குப் போக விரும்புகிறார் என்றும் கேளுங்கள். எல்லாரும் பணிகள் குழுவுக்குத்தான் ஆசைப்படுவார்கள், டெண்டர் அங்கே இருப்பதால். செலவைக் குறைப்பேன் என்று சொல்கிற ஆள் கேட்க வேண்டியது கணக்குக் குழுவும், வரிவிதிப்பு நிதிக் குழுவும். தணிக்கைத் தடைகள் பல வருடமாகப் பதில் இல்லாமல் கிடக்கும். ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டால் பணம் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பகுதி சபை பற்றியும் மறக்காதீர்கள். 2022-ல் அதற்கு விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராமசபை போல நகரத்துக்கு அது. கவுன்சிலர் தலைமையில் நடக்க வேண்டியது. பல ஊர்களில் போட்டோ எடுத்துக் கலைவதோடு முடிகிறது. அதை ஒழுங்காகக் கூட்டுவேன், வார்டு வரவு செலவை அங்கே படிப்பேன் என்று உங்கள் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் அவர் கையெழுத்திடத் தயாரா? அவர் பதிலைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேட்பாளர்கள் வந்தாலும் இதே கேள்விகள், இதே நோட்டு. தமிழ்நாட்டில் மேயரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகராட்சியில் உங்கள் ஓட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

அவர் மனம் நோகுமே என்று தயங்குகிறீர்கள். உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை என்பதால்தான் நீங்கள் கேட்கலாம் அம்மா. கட்சிக்காரர் கேட்டால் அவருக்கு எதிர்ப்பாகத் தெரியும். நீங்கள் கேட்டால் அக்கறையாகத் தெரியும். கூட்டத்துக்கு முன் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, “இதையெல்லாம் கேட்கப்போகிறேன், விசாரித்துக்கொண்டு வா” என்று சொல்லிவிடுங்கள். தயார்செய்துகொண்டு வந்தால் நல்ல கவுன்சிலராக வருவார். நோட்டீஸில் அச்சடித்ததை மாற்றிக்கொள்கிறேன் என்று கூட்டத்தில் சொன்னால், நான் உங்கள் வார்டில் இருந்திருந்தால் அவருக்கே ஓட்டுப் போடுவேன். பாதியாக்குவேன், பாதியாக்குவேன் என்றே திரும்பச் சொன்னால் போட மாட்டேன். எது உங்கள் முடிவோ அது உங்கள் விருப்பம்.

வரியைக் குறைக்கும்வரை கட்ட மாட்டோம் என்று சங்கத்தில் யாராவது சொன்னால் அதற்குப் போகாதீர்கள். நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் சேரும். மாறாக, அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உங்கள் 1,860-ல் அது 93 ரூபாய்.

கடை அறை விஷயத்தை இந்த வாரமே செய்யுங்கள். ஆணையர் பெயருக்கு ஒரு சீராய்வு மனு. வரிவிதிப்பு எண், முன் அறையின் நீள அகலம், எந்த வருடம் கடை மூடியது, இப்போது குடியிருப்பாக இருக்கிறது, நேரில் பார்த்து உபயோகத்தை மாற்றித் தர வேண்டும், இவ்வளவு எழுதினால் போதும். இரண்டு ரசீதின் நகலும் அறையின் போட்டோவும் வையுங்கள். மனுவைக் கையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் “என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதே சட்டத்தில், நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளின் மாதிரியைக் கேட்டு வாங்கவும்கூட உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதை உங்கள் சங்கத்தில் சொல்லுங்கள்.

தையல் கடைக்குத் தனி மின் மீட்டர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மனு கொடுப்பதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் அதை வணிக இணைப்பிலிருந்து வீட்டு இணைப்புக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அளவெடுக்க வருபவர் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். மாற்றிய ரசீதின் நகலை மனுவோடு சேர்த்துவிடுங்கள்.